பட்டறை ரேடியோவில் வாத்திய இசை: செவ்வாய்ப்பேட்டைத் தம்பிக்கு ஒரு பதில்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். பட்டறையில் காலையிலிருந்து ரேடியோ ஓடுகிறது. ஆகாசவாணியில் பாட்டே இல்லாமல் பத்துப் பதினைந்து வாத்தியங்கள் சேர்ந்து வாசிக்கும் இசை வந்தால் இவருக்குப் பிடிக்கிறது. பையன்கள் மட்டும் "அண்ணா, பாட்டு வர்ற ஸ்டேஷன் வைங்க" என்கிறார்கள். அப்பா காலத்தில் இந்த மாதிரி இசையும் பல்சுவை நிகழ்ச்சிகளும் ரேடியோவில் நிறைய வரும் என்று வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறார். இது என்ன வகை இசை, ரேடியோவில் ஏன் போடுகிறார்கள், எப்படிக் கேட்டால் பிடிபடும், இப்போது எங்கே கிடைக்கும் என்பதுதான் கேள்வி.

தம்பி, ரேடியோ பழுது பார்ப்பது எனக்குச் சோறு போட்ட தொழில். ஆடிப் பண்டிகை வந்துவிட்டால் மெல்லிசைக் குழுவில் வயலினோடு மேடை ஏறிவிடுவேன். குகை, அம்மாபேட்டை, ராசிபுரம், ஆத்தூர் என்று சுற்றிய மேடைகள் நிறைய. பெட்டியின் உள்பக்கமும் வாத்தியக் குழுவின் உள்பக்கமும் ஓரளவு தெரியும் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த இசை நேரத்தை ஓட்டப் போடுகிற மிச்சம் மீதி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கை வேலையில் இருக்கிறவன் காதுக்கு என்று யோசித்து, கணக்குப் போட்டு, திறமையான ஆட்கள் எழுதியது. அதனால்தான் பட்டறையில் உட்கார்ந்து கேட்கிற உங்களுக்கு அது சரியாகப் போய்ச் சேர்கிறது.

இரண்டாம் உலகப்போர் நடந்தபோது இங்கிலாந்தில் பிபிசி, 1940 ஜூன் 23 அன்று 'மியூசிக் வைல் யூ வொர்க்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. தொழிற்சாலைகளில் ஆணும் பெண்ணுமாக நாள் முழுக்க ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். காலையில் ஒரு அரை மணி, பிற்பகலில் ஒரு அரை மணி, அலுப்பு தட்டுகிற நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் இசை. பின்னர் இரவு ஷிப்டுக்கும் சேர்த்துக்கொண்டார்கள். நடுவில் அறிவிப்பாளர் பேச மாட்டார். ஒரு குழு நேரலையாக உட்கார்ந்து, ஒரு மெட்டிலிருந்து அடுத்த மெட்டுக்கு நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். வின்ஃபோர்ட் ரெனால்ட்ஸ் என்ற இசைக்காரர் இதற்குப் பொறுப்பாளராக இருந்து, தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போய், எந்த மாதிரி இசை இயந்திரச் சத்தத்துக்கு நடுவே கேட்கிறது, எது கேட்காமல் போகிறது என்று பார்த்து விதிகள் வகுத்தார்.

அந்த விதிகளை உங்கள் பட்டறையில் வைத்துப் பாருங்கள். சத்தம் திடீரென்று ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. இறங்கினால் இயந்திரச் சத்தம் விழுங்கிவிடும், ஏறினால் வேலை செய்கிறவன் திடுக்கிடுவான். மெட்டு தெளிவாக, முன்பே கேட்டதாக இருக்கவேண்டும். தூக்கம் வரவைக்கிற மந்தமான நடை வேண்டாம். டிரம் வாசிப்பவர் விளிம்பில் 'டக்'கென்று அடிக்கக் கூடாது, அது துப்பாக்கிச் சத்தம் மாதிரி கேட்கும், போர்க்காலம் அல்லவா. பாடகர் குரல் பெரும்பாலும் கிடையாது. வார்த்தை வந்தால் மனம் அதன் பின்னால் போய்விடும் என்பது எண்ணம். அப்போது ஊரெல்லாம் பாடிய ஒரு அமெரிக்கப் பாட்டில் வரிக்கு வரி நான்கு கைத்தட்டல் வரும். அந்தப் பாட்டை நிகழ்ச்சியிலிருந்து நீக்கிவிட்டார்கள். தொழிலாளர்கள் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டுத் தட்ட ஆரம்பித்ததுதான் காரணம். பொடி வைத்து ஊதுகுழலில் பற்றவைத்துக்கொண்டிருக்கிற உங்கள் பையன் நடுவில் கை தட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

அந்த நிகழ்ச்சிக்கு முகப்பு இசை எழுதியவர் எரிக் கோட்ஸ். இந்த வகை இசைக்கு அவரைத்தான் முதலில் சொல்லவேண்டும். பெரிய சிம்பொனிக் குழுவில் வயோலா (வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வாத்தியம்) வாசித்துவிட்டு வந்தவர், அதனால் ஒவ்வொரு வாத்தியமும் எந்த இடத்தில் எப்படி ஒலிக்கும் என்பது அவருக்கு உள்ளங்கை நெல்லிக்கனி. 1942இல் தொடங்கி இன்றுவரை ஓடுகிற 'டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்' என்ற வானொலி நிகழ்ச்சிக்கும் அவருடைய மெட்டுத்தான் முகப்பு. அதோடு கடற்பறவைகளின் சத்தத்தைச் சேர்த்திருப்பார்கள். ஐரோப்பாவில் போர் முடிந்ததும் 1945 ஜூலையில் பிபிசி 'லைட் புரோகிராம்' என்று தனி அலைவரிசையே தொடங்கியது. நகைச்சுவை, பல்சுவை, நடன இசை, இந்த மெல்லிய வாத்திய இசை எல்லாம் அதில் வந்தன. 1967இல் அந்த அலைவரிசை முடிந்தபோது தொழிலாளர் நிகழ்ச்சியும் அதோடு முடிந்தது. அதற்குள் 27 வருஷம் ஓடிவிட்டிருந்தது.

இனி, எப்படிக் கேட்பது. உங்களுக்கு இது ஏற்கெனவே பாதி தெரியும். சினிமாப் பாட்டில் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வருவதை எங்கள் குழுவில் முதல் பிஜிஎம், ரெண்டாவது பிஜிஎம் என்போம். பாடகர் மூச்சு வாங்குகிற அந்த இருபது முப்பது விநாடியில் வயலின் கூட்டம் ஒரு வாக்கியம் சொல்லும், புல்லாங்குழல் பதில் சொல்லும், கீழே பேஸ் கிதார் தன் வழியில் நடக்கும். அந்த முப்பது விநாடியை மூன்று நான்கு நிமிடத்துக்கு நீட்டி, பாடகரை வெளியே அனுப்பிவிட்டால் கிட்டத்தட்ட நீங்கள் கேட்கிற இசை. அதனால் பாட்டு எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டாம். மெட்டு யார் கையில் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். முதலில் வயலின்கள் வைத்திருக்கும். எட்டோ பதினாறோ தாளக்கட்டு போனதும் ஓபோ, கிளாரினெட் மாதிரி ஊதுகிற வாத்தியத்துக்குக் கைமாறும். கைமாறின உடனே வயலின்கள் சும்மா இருக்காது. மெட்டுக்கு அடியிலோ மேலேயோ வேறு ஒரு இழை போட ஆரம்பிக்கும். அந்த இரண்டாவது இழையைப் பிடித்துவிட்டீர்கள் என்றால் அப்புறம் எந்தப் பையன் வந்து ஸ்டேஷனை மாற்றினாலும் உங்களுக்குக் கோபம் வரும்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வயலின்காரனாக எனக்கு அது இன்னும் ஆச்சரியம். மாண்டவானி என்பவருடைய குழு 1951இல் ஒரு பழைய வால்ட்ஸ் (மூன்று தட்டுத் தாளத்து நடனம்) மெட்டை வாசித்துப் பெரிய வெற்றி பெற்றது. அதில் வயலின்கள் ஒரு பெரிய தேவாலயத்துக்குள் வாசிப்பது போல, ஒவ்வொரு சுரமும் எதிரொலித்து வழிந்துகொண்டே போகும். ஸ்டூடியோவில் எதிரொலிக் கருவி எதுவும் வைத்துச் செய்ததில்லை அது. ரொனால்ட் பிஞ்ச் என்ற இசை அமைப்பாளர் காகிதத்தில் எழுதியே அதை வரவைத்தார். வயலின்காரர்களை மூன்று நான்கு பிரிவாகப் பிரித்தார். மெட்டின் முதல் சுரத்தை முதல் பிரிவு வாசித்து வில்லை எடுக்காமல் இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டாவது சுரம் இரண்டாவது பிரிவுக்கு, மூன்றாவது மூன்றாவதற்கு. எந்தப் பிரிவும் முழு மெட்டை வாசிப்பதில்லை. ஒரு சுரம் அடங்குவதற்குள் அடுத்தது அதன்மேல் ஏறிவிடும். கோயிலில் ஒரு மணியின் ரீங்காரம் ஓயும் முன் அடுத்த மணியை அடித்தால் இரண்டும் காற்றில் கலந்து நிற்குமே, அந்த மாதிரி. எங்கள் குழுவில் வயலின் இரண்டுதான். ஒத்திகையில் ஒருநாள் இதை முயன்று பார்த்தோம்: ஒற்றைச் சுரங்கள் எனக்கு, இரட்டைச் சுரங்கள் பக்கத்து ஆளுக்கு. இரண்டு வயலினிலேயே மெட்டின் ஓரங்கள் கரைவது கேட்டது. தபேலாக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டு "இன்னொரு தடவ வாசிங்கண்ணே" என்றார். பத்துப் பன்னிரண்டு வயலின் இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அதே பிஞ்ச் 1963இல் எழுதிய ஒரு மெதுவான வால்ட்ஸை பிபிசி பின்னாளில் நள்ளிரவு தாண்டி, கப்பல்களுக்கான வானிலை அறிக்கைக்கு முன்னால் போட்டது. அதற்கு ஒரு காரணம் உண்டு. வானிலை அறிக்கை குறித்த நிமிடத்தில் தொடங்கியாக வேண்டும். முந்தைய நிகழ்ச்சியோ சில நாள் முன்னால் முடியும், சில நாள் பின்னால். இடையில் விழும் இடைவெளியை அந்த வால்ட்ஸ் நிரப்பும். கடலில் ரேடியோவைத் திருகிக்கொண்டிருப்பவனுக்கும் சரியான நிலையத்துக்கு வந்துவிட்டோம் என்ற அடையாளம்.

ஆகாசவாணியில் நீங்கள் கேட்பதில் ஒரு பகுதிக்கு இதுதான் விளக்கம். முன்பெல்லாம் காலை 7.15க்கு டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி வரும். திருச்சியோ கோவையோ தன் நிகழ்ச்சியை அதற்குக் கொஞ்சம் முன்பே முடித்துக்கொண்டு காத்திருக்கும். அந்த இடைவெளியில் பாட்டுப் போட்டால் பாதி வரியில் வெட்டவேண்டும். வாத்திய இசை என்றால் எந்த இடத்திலும் மெல்லக் குறைத்துவிடலாம். சிட்டிபாபுவின் வீணையோ, ஒரு சாக்ஸபோனோ, ஒரு வயலின் கூட்டமோ அப்படித்தான் காலையில் நம் வீட்டு அடுப்பங்கரைக்குள் வந்தன. டெல்லிச் செய்தியில் சரோஜ் நாராயணசுவாமியின் குரல் வருவதற்கு முன்னால் கேட்ட அந்த அரை நிமிட இசையை என் வயதுக்காரர்கள் இன்னும் முணுமுணுக்கிறார்கள். யார் வாசித்தது என்று யாரும் அறிவித்ததில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

ஆனால் நம் வானொலி இந்த இசையை இடைவெளிக்கு மட்டும் வைத்திருக்கவில்லை. ஆகாசவாணியின் முகப்பு இசையையே எடுத்துக்கொள்ளுங்கள். தம்புராவின் மேல் ஒரு வயலின் எழுந்து வருமே, அதை எழுதியவர் வால்டர் காஃப்மன். நாஜிகளுக்குத் தப்பி பம்பாய் வந்து சேர்ந்த யூத இசைக்கலைஞர், பம்பாய் வானொலியில் மேலை இசைப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர். சிவரஞ்சனி ராகத்தின் சாயலில் அமைந்த மெட்டு அது. வாசித்தவர், மேலை இசைக்குழுக்களை நடத்திப் பேர் வாங்கிய சுபின் மேத்தாவின் தகப்பனார் மெஹ்லி மேத்தா என்பார்கள்.

1952இல் டெல்லி வானொலியில் வாத்திய பிருந்தா என்ற தேசிய வாத்தியக் குழு தொடங்கியது. ரவிசங்கரும் நம் பக்கத்து டி.கே. ஜெயராமய்யரும் அதை நடத்தினார்கள். பிறகு புல்லாங்குழல் பன்னாலால் கோஷ் வந்தார், வீணை ஈமனி சங்கர சாஸ்திரி வந்தார். இதில் மேலை முறைப்படி சுரங்களை அடுக்கி ஒலிக்கவிடுவது குறைவு. ஒரே ராகத்தை எல்லாருமாக எடுத்துக்கொண்டு, வீணை ஒரு அடி, குழல் ஒரு அடி, அப்புறம் சேர்ந்து ஒரு அடி என்று போவார்கள். ஈமனியின் கை பட்டவற்றில் ராகம் கெடாமலேயே ஒரு காட்சி கண்முன் விரியும். சங்கீதம் தெரியாதவன் மெட்டைக் கேட்டுக்கொண்டு போகலாம், தெரிந்தவன் ராகத்தைப் பிடித்துக்கொண்டு போகலாம். என்னைக் கேட்டால், நம் பொது வானொலி செய்த காரியங்களில் இது மிக உயர்ந்த ஒன்று. மக்களிடம் போதுமான அளவு எடுத்துச் செல்லப்படாத ஒன்றும்கூட.

அதே காலத்தில்தான் மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டை வானொலியில் ஒடுக்கினார். 1952 முதல் 1962 வரை தகவல் ஒலிபரப்புத் துறை அவரிடம் இருந்தது. சாஸ்திரிய இசையால் மக்கள் ரசனை வளரும் என்று நம்பினார். சினிமாப் பாட்டுக்கு மாற்றாக நிலையங்களிலேயே கவிஞர்களையும் இசைக்காரர்களையும் வைத்து மெல்லிசைப் பாடல்களை உருவாக்கச் சொன்னார். அந்தப் பாடல்களில் அருமையானவை உண்டு. ஆனாலும் சனங்கள் முள்ளைத் திருப்பி இலங்கைக்குப் போய்விட்டார்கள். போர்க்காலத்தில் நேச நாட்டுப் படைகளுக்காகக் கொழும்புக்குப் பக்கத்தில் ஏகலையில் நிறுவிய 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி இலங்கை வானொலியின் கைக்கு வந்திருந்தது. சேலத்தில் ஒரு மர்ஃபி ரேடியோ செட்டும், கூடத்தில் சுவருக்குச் சுவர் கட்டிய செம்புக் கம்பி வலை ஏரியலும் இருந்தால் போதும், கொழும்பு அடுத்த தெரு மாதிரிக் கேட்டது. கடைசியில் 1957 அக்டோபர் 3 அன்று ஆகாசவாணி விவித் பாரதியைத் தொடங்கி, சினிமாப் பாட்டையும் பல்சுவையையும் தானே தர முன்வந்தது.

உங்கள் அப்பா சொல்கிற பல்சுவை நிகழ்ச்சிகளின் காலம் அதிலிருந்து தொடங்குகிறது. இலங்கையில் மயில்வாகனன், அவருக்குப் பின்னால் கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீத். காலையில் 'பொங்கும் பூம்புனல்', 'பிறந்த நாள் இன்று பிறந்த நாள்', அப்புறம் 'பாட்டுக்குப் பாட்டு'. இந்தப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை ஒலிச்சித்திரம், கூத்தபிரானின் சிறுவர் நிகழ்ச்சி, 'காப்புக்கட்டிச் சத்திரம்' நாடகம், விவித் பாரதியின் 'தேன் கிண்ணம்', பின்னாளில் தென்கச்சி கோ. சுவாமிநாதனின் 'இன்று ஒரு தகவல்'. தென்கச்சி பேசுவது சில நிமிடம்தான். ஒரு கனமான விஷயத்தை ஊர்ப்பேச்சில் சொல்லி, கடைசியில் ஒரு சிரிப்புக் கதையைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவார். அது முடிந்ததும் என்ன வருகிறது என்பதில் நிலையத்தாரின் கைத்திறன் இருந்தது. சிரித்த வாயோடு இருக்கிறவனுக்கு உடனே சோகப் பாட்டுப் போடமாட்டார்கள். ஒரு வாத்திய இசை வரும், சிரிப்பு அடங்கும், பிறகு அடுத்த நிகழ்ச்சி.

அந்த வரிசைதான் முக்கியம், தம்பி. செல்போனில் நமக்குப் பிடித்ததை நாமே தேர்ந்தெடுத்துக் கேட்கிறோம். வானொலியில் நமக்காக இன்னொருவர் உட்கார்ந்து, எதற்குப் பின்னால் எது என்று யோசித்திருக்கிறார். நமக்குப் பிடிக்குமா என்று தெரியாத ஒன்றும் அதில் வரும். வாத்திய பிருந்தாவை நான் தேடிப் போய்க் கேட்கவில்லை. வேறு எதற்கோ காத்திருந்தபோது வந்து விழுந்தது. அதனால் நான் சொல்வது, பிடிக்காதது வந்தாலும் முள்ளை உடனே நகர்த்தாதீர்கள். அரை மணி நேரத்தை முழுதாக, வந்த வரிசையில் விட்டுப் பாருங்கள்.

பையன்களுக்குப் பழக்க ஒரு வழி சொல்கிறேன். அமெரிக்காவின் லெராய் ஆண்டர்சன் 1950இல் டைப்ரைட்டரையே தனி வாத்தியமாக வைத்து ஒரு சின்ன உருப்படி எழுதினார். முழு வாத்தியக் குழு பின்னால் ஓட, ஒருவர் முன்னால் உட்கார்ந்து நிஜ டைப்ரைட்டரைத் தட்டுவார். வரி முடிகிற இடத்தில் மணி 'டிங்' என்று அடிக்கும், உடனே காகிதம் சுற்றிய உருளை வண்டியைத் தள்ளும் சத்தம் தாளத்தில் வந்து விழும். வேகமாகத் தட்டினால் எழுத்துக்கம்பிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும் என்பதால் இரண்டு சாவியை மட்டும் வேலை செய்யவிட்டு மற்றதை நிறுத்திவைத்துத்தான் வாசித்தார்கள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் எழுதின ஆள் உங்கள் வீட்டில் இருந்தால் அவருக்கும் போட்டுக் காட்டுங்கள். சுத்தியலும் அரமும் பிடிக்கிற பையன்களுக்கு, வேலைச் சத்தம் இசையாக மாறுவது சட்டென்று பிடிக்கும். பாட்டு எங்கே என்று கேட்க மாட்டார்கள்.

அதிலிருந்து நம் ஆட்களுக்குக் கொண்டுவாருங்கள். இளையராஜா 1986லும் 1988லும் கொண்டுவந்த 'ஹவ் டு நேம் இட்', 'நத்திங் பட் விண்ட்' இரண்டும் வீட்டுக்குப் பக்கத்து வாசல்கள். இரண்டாவதில் ஹரிபிரசாத் சௌரசியாவின் குழல் இருக்கிறது. அப்புறம் பழைய சினிமா. நம் ஏற்காடு ரோட்டிலேயே 1935இல் டி.ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். இன்று அந்த நுழைவு வளைவுதான் மிச்சம். அங்கே தயாரான படங்கள் பலவற்றுக்கு ஜி. ராமநாதன் இசை. அவருடைய பாட்டுகளில் பாடகருக்கு முன்னால் வருகிற வாத்தியப் பகுதியை மட்டும் காது கொடுத்துக் கேளுங்கள். கர்நாடக ராகம் ஒன்று கிளாரினெட்டும் வயலினும் மாண்டலினும் சேர்ந்த குழுவுக்குள் எப்படிப் புகுந்து வருகிறது என்பது புரியும். பல குரல்கள் சேர்ந்து அடுக்கடுக்காகப் பாடுவதும் பிடிக்கும் என்றால், எம்.பி. சீனிவாசன் சென்னையில் வளர்த்த சேர்ந்திசை இருக்கிறது. வாத்தியங்களுக்கு நான் சொன்ன அதே கேட்கும் முறை அங்கே குரல்களுக்கும் பொருந்தும்.

சரி, பெட்டிக்கு வருவோம். நாங்கள் கேட்டு வளர்ந்தது மீடியம் வேவில், திருச்சி 936, கோவை 999 கிலோஹெர்ட்ஸ். மீடியம் வேவ் பெட்டியில் சுமார் 4,500 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஒலி பெரும்பாலும் வராது. பண்பலையில் 15,000 வரை வரும். பேச்சுக்கு இது பெரிய வித்தியாசமில்லை, வயலின் கூட்டத்துக்கு உயிரே அந்த மேல்பகுதியில்தான். அதனால் வாத்திய இசைக்குப் பண்பலை கிடைத்தால் அதையே வையுங்கள். மீடியம் வேவ்தான் கதி என்றால், பெட்டியை மேசையில் வைத்து மெல்லச் சுற்றிப் பாருங்கள். உள்ளே ஏரியலாக இருக்கும் ஃபெரைட் கம்பிக்குத் திசை உண்டு. ஒரு கோணத்தில் நிலையம் பலமாகவும் இரைச்சல் குறைவாகவும் வரும். பட்டறையில் இரைச்சலுக்கு முதல் காரணம் மலிவான எல்இடி விளக்கும் செல்போன் சார்ஜரும். ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தால் குற்றவாளி தெரிந்துவிடும். மோட்டார் ஓடும் லைனில் பெட்டியை மாட்டாமல் பேட்டரியில் வைத்தால் இன்னும் நல்லது.

பண்பலைக்கு மலைதான் நண்பன், மலைதான் எதிரி. சேலத்தைச் சுற்றி வடக்கே சேர்வராயன், மேற்கே கஞ்சமலை, தென்கிழக்கே ஜருகுமலை. அந்தப் பக்கத்து நிலையம் மலைக்குப் பின்னால் மறைந்துவிடும். மேலே ஏறினால் கதை வேறு. இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டி ஏற்காடு, கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். லேடீஸ் சீட் பக்கம் தெற்கே சமவெளி திறந்து கிடக்கிறது. நல்ல ஆண்டெனாவோடு அங்கே நின்று கொடைக்கானல் பண்பலை 100.5ஐ முயன்று பாருங்கள். அதுவும் மலை உச்சியிலிருந்து வருவதால் தூரம் ஒரு பொருட்டில்லை. அதே ஏற்காட்டில் வடக்குச் சரிவுக் காபித் தோட்டத்துக்குள் போய்விட்டால் தெற்கு நிலையங்கள் அடங்கிவிடும். அந்தக் காலத்து எஸ்டேட் பங்களாக்களில் ஷார்ட் வேவ் செட்டாக வாங்கி வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். வானத்தில் எதிரொலித்து வருகிற அலைக்கு இந்த மறைப்பு இல்லை. பழுது பார்க்க அங்கே போகும்போது லண்டனும் கொழும்பும் ஒரே முள்ளில் கேட்டிருக்கிறேன்.

இப்போது இணையம் இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. பிரசார் பாரதியின் நியூஸ் ஆன் ஏர் செயலியில் ஆகாசவாணி நிலையங்கள் வரிசையாக இருக்கின்றன, இலவசம். சென்னை, திருச்சி, கோவை தவிர மற்ற மாநில நிலையங்களையும் திறந்து பாருங்கள். வாத்திய இசைக்கு மொழி தடையில்லை. செல்போனின் குட்டி ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். பேஸ் முழுக்கப் போய்விடும், இந்த இசையில் நடை இருப்பதே பேஸில்தான். ஒரு பழைய மரப்பெட்டி ஸ்பீக்கர் கிடைத்தால் அதில் இணைத்து, ஆளுயரத்துக்குச் சுவரில் மாட்டுங்கள். சத்தம் அளவாக இருக்கட்டும். பேசுகிறவர் குரலை உயர்த்தாமல் பேச முடிந்தால் அதுதான் சரியான அளவு.

நேரத்துக்கு, நிலையம் காலையில் சொல்கிற அன்றைய நிகழ்ச்சி விவரத்தைக் கேட்டு ஒரு சிலேட்டில் எழுதி வையுங்கள். பையன்களோடு ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்: டீ வருகிற நேரத்துக்கு முந்தைய அரை மணி பொது வானொலி, மற்ற நேரம் அவர்கள் விருப்பம். அந்த நேரத்தில்தான் கை தளரும், அலுப்பும் வரும் என்பது 1940இலேயே பார்த்துத் தெரிந்துகொண்ட விஷயம்.

இன்னொன்றும் செய்யுங்கள். நல்ல வாத்திய நிகழ்ச்சி ஒன்று கேட்டால் அன்றைக்கே ஒரு அஞ்சலட்டை போடுங்கள். 'நிலைய இயக்குநர், ஆகாசவாணி' என்று ஊர்ப் பெயரோடு எழுதினால் போய்ச் சேரும். எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன வாத்தியம் கேட்டது, பட்டறையில் எத்தனை பேர் சேர்ந்து கேட்டீர்கள் என்று நாலு வரி. வாசித்தவர் பெயரை அறிவிக்கும்படி கேளுங்கள். வாத்திய பிருந்தாவின் பழைய ஒலிப்பதிவுகளைப் போடும்படியும் கேளுங்கள். சினிமாப் பாட்டுக்கு விருப்பம் கேட்டுக் கடிதம் மூட்டை மூட்டையாக வரும், வாத்திய இசைக்கு எழுதுகிறவர்கள் அபூர்வம். உங்கள் அட்டை கண்ணில் படும். பையன்களையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.